கதைகளில் ஹன்டிங்டன் நோய்

ஹன்டிங்டன் நோய் அரிதானது. ஐரோப்பிய வம்சாவளியினரிடையே லட்சம் பேரில் சுமார் 10 பேருக்கு வருகிறது. ஆசியாவில் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஆங்கில நாவல்களிலும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களிலும் அது தன் எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு இடம்பிடித்திருக்கிறது. காரணம் அதன் மரபியலில் இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. 1993இல் மரபணு கண்டறியப்பட்டதிலிருந்து, அறிகுறி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் விடை தெரிந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒட்டிய உறைக்குள் ஒரு விடை, பிரிப்பதா வேண்டாமா என்ற தவிப்பு: கதை எழுதுபவருக்கு இவ்வளவு கச்சிதமான ஏற்பாடு வேறு நோயில் எளிதில் கிடைக்காது. அந்தக் கச்சிதமே இந்தக் கதைகளின் பலவீனமாகவும் ஆயிற்று. நோயோடு ஒரு குடும்பம் கழிக்கும் நீண்ட ஆண்டுகளை விட்டுவிட்டு, விடை தெரியவரும் அந்த ஒரு கணத்தையே பெரும்பாலான கதைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

விட்டுப்போவது எது என்று தெரிய, நோயைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். நான்காவது குரோமோசோமில் ஹன்டிங்டின் என்ற புரதத்துக்கான மரபணு உள்ளது. அதில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் எல்லோருக்கும் சில முறை அடுத்தடுத்து வரும். அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழும் ஒருவருக்கு நோய் உறுதி. 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். மூளையின் உட்பகுதியிலுள்ள ஸ்ட்ரையாட்டத்தின் நரம்பணுக்கள் முதலில் அழியத் தொடங்குகின்றன. பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதில் அறிகுறிகள் வெளிப்படும்; அதன் பிறகு 15 முதல் 20 ஆண்டுகள் நோய் நீடிக்கும். கை, கால், முகம் தாமாகவே, ஒழுங்கின்றி, ஒன்றிலிருந்து ஒன்று வழிவதுபோல் அசைவதைத்தான் ஊர் பார்க்கிறது. வீடு அதற்கு முன்பே வேறொன்றைப் பார்த்திருக்கும். சாந்தமாக இருந்தவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார். வரவுசெலவுக் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவருக்கு ஒரு ரசீதை எங்கே வைப்பது என்று புரிவதில்லை. எதிலும் நாட்டமில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். தன்னிடம் ஏதோ மாறிவிட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதும் நோயின் ஒரு பகுதி. பிற்காலத்தில் விழுங்குவது சிரமமாகிறது. ஓயாத அசைவு உடலைக் கரைப்பதால், நல்ல உடலுழைப்பாளி உண்பதைவிடவும் கூடுதலான உணவை, புரையேறாமல், ஒவ்வொரு வாயாக ஊட்ட வேண்டியிருக்கிறது. ஒருவேளைச் சாப்பாடு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சாவுக்கு மிகப் பொதுவான நேரடிக் காரணம் நிமோனியா.

இந்த நோயை உலகுக்குத் தெளிவாக விவரித்த கட்டுரை 1872இல் வெளியானது. எழுதிய ஜார்ஜ் ஹன்டிங்டனுக்கு அப்போது வயது 22. நியூயார்க்கின் லாங் ஐலண்டிலுள்ள ஈஸ்ட் ஹாம்ப்டனில் அவருடைய தந்தையும் தாத்தாவும் மருத்துவர்கள். மூன்று தலைமுறையின் கவனிப்பு அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. சிறுவயதில் தந்தையோடு நோயாளிகளைப் பார்க்க வண்டியில் போகும்போது, உயரமான, மெலிந்த இரண்டு பெண்கள், தாயும் மகளும், உடல் வளைந்து முறுக, முகம் சுளித்தபடி சாலையில் வந்ததைக் கண்டு வியப்பும் அச்சமும் அடைந்ததை அவர் முதிய வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தை வண்டியை நிறுத்தி அவர்களோடு பேசிவிட்டுத்தான் போனார்.

தந்தை நின்று பேசியது கவனிக்க வேண்டிய விஷயம். வரலாற்றாசிரியர் ஆலிஸ் வெக்ஸ்லரின் தாய் இந்நோயால் இறந்தவர். 2008இல் வெளிவந்த தன் நூலில் ஆலிஸ், 1806இல் ஈஸ்ட் ஹாம்ப்டனில் கடலுக்குள் நடந்துபோய் உயிர்விட்ட ஃபீபி ஹெட்ஜஸ் என்ற பெண்ணிலிருந்து தொடங்கி அந்த ஊரின் கதையைத் தேடிச் செல்கிறார். நோயுள்ள குடும்பங்கள் அங்கே ஒதுக்கப்பட்டு வாழவில்லை என்று அவருடைய தேடல் காட்டுகிறது. அவர்கள் நிலம் வைத்திருந்தார்கள், ஊராரோடு திருமண உறவு வைத்திருந்தார்கள், மதிப்போடு இருந்தார்கள். அச்சம் தரும் சித்திரம் பிறகுதான் வந்தது. அதை வரைந்ததில் படித்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இனமேம்பாட்டியலின் அமெரிக்க முகமான சார்ல்ஸ் டேவன்போர்ட் 1916இல் இக்குடும்பங்களைப் பற்றி எழுதியபோது, இவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுப்பது அரசின் கடமை என்ற திசையில் வாதத்தைக் கொண்டுபோனார். 1932இல் வெஸ்ஸி என்ற மருத்துவர், இங்கிலாந்தின் ஒரே கிராமத்திலிருந்து கப்பலேறிய சிலர்தான் நோயை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள் என்றும், அவர்களின் வழிவந்த பெண்கள் சிலர் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டப்பட்டார்கள் என்றும் எழுதினார். வம்சாவளிப் பதிவுகளைப் பின்னால் சரிபார்த்தவர்கள் இதற்கு ஆதாரமில்லை என்று காட்டினார்கள். அதற்குள் அது பாடநூல்களில் ஏறிவிட்டது. சூனியமும் பரம்பரை நோயும் சேர்ந்த கதை யாருக்கும் எளிதில் மறப்பதில்லை. ஜெர்மனியில் நாஜி அரசு 1933 ஜூலையில் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் இந்நோய் பெயர் சொல்லியே இடம்பெற்றது. கதைகள் சட்டமாகும் தூரம் அதிகமில்லை. ஹன்டிங்டன் குடும்பங்கள் பல தலைமுறைகள் வாய்திறக்காமல் இருந்ததற்கு இதுவே பின்னணி.

மக்கள் பண்பாட்டில் இந்நோய்க்கு ஒரு முகம் கிடைத்தது நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியால். அவர் 1912இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஓக்கிமாவில் பிறந்தவர். 1943இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலில் தாய் நோராவைப் பற்றிய பக்கங்கள் உண்டு: காரணமில்லாத கோபம், தடுமாற்றம், வீட்டில் மீண்டும் மீண்டும் பற்றிய தீ, அந்தத் தீயொன்றில் இறந்த அக்கா. தாய் 1927இல் நார்மன் நகரின் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1930இல் அங்கேயே இறந்தார். அவருக்கு இருந்தது ஹன்டிங்டன் நோய் என்று நூல் எழுதும்போது மகனுக்குத் தெரியாது. அதே நோய் தன் உடலிலும் காத்திருப்பதும் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றை உள்ளேயிருந்து எழுதிய இந்தப் பக்கங்கள், பின்னால் மருத்துவ விவரங்களைச் சேகரித்துக்கொண்டு எழுதப்பட்ட பல நாவல்களைவிட நோய்க்கு நெருக்கமானவை. ஒரு சிறுவனின் கண்ணில் அது நோயாகவே படுவதில்லை. அம்மா மாறிப்போனதாகத்தான் படுகிறது.

கத்ரியின் நடையும் பேச்சும் 1940களின் இறுதியில் குலையத் தொடங்கின. குடிகாரர் என்றார்கள், மனச்சிதைவு என்றார்கள். 1952இல்தான் சரியான பெயர் சொல்லப்பட்டது. 1956 முதல் 1961 வரை நியூஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் மனநல மருத்துவமனையில் இருந்தார். நாற்பதாம் எண் வார்டுக்கு அவரே செல்லப்பெயர் வைத்திருந்தார். கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்ட அந்தக் காலத்தில், 'நான் கம்யூனிஸ்ட்' என்று உரக்கச் சொன்னாலும் யாரும் கைதுசெய்யாத ஒரே இடம் இந்த மருத்துவமனைதான் என்ற பொருளில் பார்க்க வந்த நண்பர்களிடம் அவர் வேடிக்கையாகச் சொன்னது பரவலாக நினைவுகூரப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் ஆரஞ்சிலிருந்த கிளீசன் தம்பதியர் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவருவார்கள். அங்கே நண்பர்கள் கூடுவார்கள், பாட்டு நடக்கும். 1961 தொடக்கத்தில் அவரைத் தேடி வந்த பாப் டிலனும் அந்த வீட்டுக்கு வந்தவர்தான். பேச்சு முற்றிலும் நின்றுபோன பிறகு, மணமுறிவுக்குப் பின்னும் பராமரிப்பைக் கைவிடாத மார்ஜரி கத்ரி, 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய அட்டைகளைக் காட்டி அவரோடு உரையாடினார். 1967 அக்டோபரில் 55 வயதில் கத்ரி இறந்தார். முதல் மணத்தில் பிறந்த இரண்டு மகள்களும் பின்னர் இதே நோய்க்குப் பலியானார்கள்.

திரைப்படங்கள் இவ்வளவு செறிவான ஒரு வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். ஹால் ஆஷ்பி இயக்கி 1976இல் வந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' 1930களோடு நின்றுவிடுவதால் நோய்க்கு அதில் இடமில்லை. அதற்கு முன்பே, 1969இல், ஆர்தர் பென் இயக்கிய 'ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்' படத்தில் மகன் ஆர்லோ கத்ரி தானாகவே நடித்தார். படுக்கையில் கிடக்கும் தந்தையைப் பார்க்க வரும் மகன், தனக்கும் இது வருமோ என்ற அச்சத்தைச் சுமந்துகொண்டு திரிகிறான். பரிசோதனை என்ற ஒன்று இல்லாத காலம் அது. உறை கிடையாது, விடை கிடையாது. இளைஞனின் அன்றாடத்துக்குள் கேள்வி கலந்தே கிடக்கிறது. அந்த ஒரு காரணத்தாலேயே, நோயை மையமாகக் கொள்ளாத இந்தப் படம் பின்னால் வந்த பலவற்றைவிட உண்மையாக நிற்கிறது. ஜேம்ஸ் மேங்கோல்ட் இயக்கி 2024இல் வெளிவந்த 'எ கம்ப்ளீட் அன்னோன்' டிலனின் கதை. அதில் ஸ்கூட் மெக்நெய்ரி நடித்த கத்ரி, மருத்துவமனைக் கட்டிலில் பேச்சற்றுக் கிடக்கிறார். புதியவனின் பாட்டைக் கேட்டு முகத்தாலும் கையாலும் அங்கீகரிக்கிறார். நடிப்பு கண்ணியமானது. ஆனால் 1961இன் கத்ரி தட்டுத்தடுமாறியாவது பேசியவர், கிண்டல் செய்தவர், ஞாயிறுதோறும் ஒரு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர். திரையில் அவர் அடுத்த தலைமுறைக்கு ஆசி வழங்கும் மௌன உருவமாகிவிட்டார். நோயாளியின் வாயை மூடினால் அவரைப் புனிதராக்குவது சுலபம். மனிதராக நிறுத்துவது சிரமமாகிவிடுகிறது.

கோடிக்கணக்கான பார்வையாளர்களுக்கு நோயின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அமெரிக்க மருத்துவத் தொடரான 'ஹவுஸ்'. ஒலிவியா வைல்ட் நடித்த ரெமி ஹேட்லி என்ற இளம் மருத்துவர், 'தர்ட்டீன்' என்ற எண்ணாலேயே அழைக்கப்படுபவர், 2007இல் தொடருக்குள் வருகிறார். தாய் ஹன்டிங்டன் நோயால் இறந்தவர். பரிசோதனை செய்துகொள்ள மறுத்துவந்த அவர், 2008 மே மாதம் ஒளிபரப்பான நான்காம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் முடிவைப் பார்க்கிறார்: மரபணு இருக்கிறது. தெரிந்ததும் கண்மண் தெரியாத ஆட்டம், பிறகு மருந்துப் பரிசோதனை ஒன்றில் பங்கேற்பு, பிறகு 2011இல் வெளிப்படும் ஒரு ரகசியம்: நோய் முற்றிய அண்ணன் சாக அவர் உதவியிருக்கிறார், அதையொட்டிச் சிறைக்கும் போயிருக்கிறார்.

தொடர் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அதுவரை பெயரே கேள்விப்படாதவர்கள் கேள்விப்பட்டார்கள். மரபணு உள்ள ஒருவர் பல ஆண்டுகள் வேலை செய்யலாம், காதலிக்கலாம், திறமைசாலியாக இருக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் நோயை அது எங்கே வைத்தது என்று பார்க்க வேண்டும். கதாநாயகியின் உடலில் நோய் பெரும்பாலும் வெறும் வாக்குறுதி. எப்போதாவது ஒரு கைநடுக்கம். ஒரே தாளத்தில் வரும் நடுக்கம் இந்நோயின் பிரதான அடையாளம் அல்ல. தாளமற்ற அசைவே அடையாளம். முற்றிய நோய் உள்ள அண்ணன் திரைக்கு வெளியே, சாவாக மட்டும் இருக்கிறான். அழகான முகம் விடையைச் சுமக்கிறது. விடை கொண்டுவரும் வாழ்க்கையை நேயர்கள் பார்க்க நேர்வதில்லை. அதே 2008 ஆகஸ்டில், நோயின் அசைவுகளைக் குறைப்பதற்கான டெட்ராபெனசின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயைக் குணப்படுத்தாது, ஆனால் ஒரு கோப்பையைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகச் சிலருக்கு உதவும். இப்படிப்பட்ட சிறிய மாற்றங்களுக்குத் தொடர் நாடகத்தில் இடமிருப்பதில்லை.

இங்கே ஒரு பெரிய முரண்பாடும் உண்டு. புனைவில் வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறுதியில் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். 'எவர்வுட்' தொடரில் வரும் ஹன்னாவும் செய்துகொள்கிறாள். நிஜத்தில், நோய் வர வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர் செய்துகொள்வதில்லை. 1994இல் நோயாளர் அமைப்புகளும் நரம்பியல் வல்லுநர்களும் சேர்ந்து வகுத்த நெறிமுறை, பரிசோதனைக்கு முன் ஆலோசனை, யோசிக்க அவகாசம், கடைசி நிமிடத்திலும் பின்வாங்கும் உரிமை ஆகியவற்றை வலியுறுத்துகிறது. தெரியாமலே வாழ்வது கோழைத்தனம் அல்ல. அது யோசித்து எடுக்கப்பட்ட, தினமும் புதுப்பிக்கப்படும் ஒரு முடிவு. மரபணுவைத் தேடும் பணியை முன்னின்று நடத்திய நான்சி வெக்ஸ்லரே, ஆலிஸின் தங்கை, பரிசோதனை கைக்கெட்டிய பிறகும் அதை நாடவில்லை. தனக்கு நோய் இருப்பதை 2020இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தெரிந்துகொள்ளாமல் வாழும் வாழ்க்கையைப் பரிவோடு எழுத நாவலாசிரியர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்பது புதிர்தான்.

இலக்கிய மதிப்பில் உயர்ந்தது என்று பேசப்படுவது இயன் மக்யூவனின் 'சாட்டர்டே', 2005. ஈராக் போருக்கு எதிராக லண்டன் திரண்ட 2003 பிப்ரவரி 15 அன்று நடக்கும் கதை. மூளை அறுவை நிபுணர் பெரோனின் காரும் பாக்ஸ்டர் என்ற அடாவடிக்காரனின் காரும் உரசிக்கொள்கின்றன. அடிவிழப்போகும் நேரத்தில், பாக்ஸ்டரின் கை ஓயாமல் அசைவதையும், பார்வையைத் திருப்பத் தலையையே திருப்ப வேண்டியிருப்பதையும் பெரோன் கவனித்து, நோயைக் கணித்து, அந்தக் கணிப்பையே கேடயமாக்கித் தப்பிக்கிறார். மருத்துவக் கவனிப்பு துல்லியமானது. கண்ணசைவுக் கோளாறு இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று என்பதைப் பல மருத்துவமல்லாத நூல்கள் தொடுவதில்லை. ஆனால் நாவலின் அறிவு முழுவதும் மருத்துவரின் தலைக்குள் இருக்கிறது. பாக்ஸ்டருக்கு நோய் உண்டு, வீடு இல்லை. மரபணு உண்டு, அவனுக்குச் சோறு போடும் உறவு இல்லை. மாலையில் கத்தியோடு அவன் பெரோனின் வீட்டுக்குள் நுழையும்போது, அவனது வன்முறைக்கு மரபணுவே விளக்கமாகிவிடுகிறது. எரிச்சலும் கட்டுக்கடங்காத கோபமும் நோயில் வருவது உண்மை. பெரும்பாலும் அது சாப்பாட்டு மேசையில், அவசரப்படுத்தும்போது, வழக்கம் மாறும்போது வருவது. தாங்குபவர்கள் மனைவியும் கணவனும் பிள்ளைகளும். அந்நியர் வீட்டில் கத்தியோடு நுழையும் உருவத்தோடு அதை இணைப்பது, 1916இல் தொடங்கிய சித்திரத்துக்கு நல்ல உரைநடையில் உயிர்கொடுப்பதாகிறது. நாவலின் முடிவில் பெரோன் அவனுக்கே அறுவை சிகிச்சை செய்வது இந்தக் குறையைச் சரிசெய்துவிடவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் எழுதப்பட்டது நரம்பறிவியல் படித்த லிசா ஜெனோவாவின் 'இன்சைட் தி ஓபிரையன்ஸ்', 2015. பாஸ்டனின் சார்ல்ஸ்டவுன் பகுதியில் வாழும் ஜோ ஓபிரையன் ஒரு காவலர், நான்கு பிள்ளைகள். அவருக்கு முதலில் கைவிட்டுப்போவது அறிக்கை எழுதும் திறன். தடுமாறும் நடையைப் பார்த்தவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைக்கிறார்கள், கத்ரியைப் பற்றி நினைத்ததுபோலவே. இது கற்பனை அல்ல. குடிபோதை என்று தடுத்து நிறுத்தப்படும் அனுபவம் நோயாளிகளிடையே சகஜம் என்பதால்தான் நோயாளர் அமைப்புகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அடையாள அட்டை அச்சிட்டுத் தருகின்றன. நடை சாதாரணமானது, சில இடங்களில் பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது. ஆனாலும் ஒரு வீட்டின் மேசை, படிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எல்லாவற்றின் மீதும் நோய் எப்படிப் படிகிறது என்பதைப் பொறுமையாகச் சொன்ன ஆங்கில நாவல் என்று இதைத்தான் சுட்ட முடியும். பிள்ளைகள் நால்வரும் நான்கு விதமாக முடிவெடுக்கிறார்கள். கடைசி மகள் கேட்டியின் விடையைச் சொல்லாமலே நாவல் முடிகிறது. வாசகருக்கு எரிச்சல் தரக்கூடிய அந்த முடிவு நியாயமானது.

ஆவணப்படங்கள் புனைவைவிட முன்னே போயிருக்கின்றன. லூசி வாக்கரின் 'தி லயன்ஸ் மவுத் ஓப்பன்ஸ்', 2014, நடிகையும் இயக்குநருமான மரியானா பால்கா முடிவைக் கேட்கப் போகும் நேரத்தைப் பின்தொடர்கிறது. முந்திய இரவில் நண்பர்களோடு அவர் சாப்பிடும் நீண்ட காட்சியில் சிரிப்பும் உண்டு, பயமும் உண்டு. இங்கும் மையம் உறைதான். ஆனால் அதைச் சுற்றி உண்மையான மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் கணம் நாடகமாகிவிடுவதில்லை.

இந்த நோயின் கதையில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டது வெனிசுவேலாவின் பகுதி. மரக்காய்போ ஏரிக்கரையிலுள்ள பர்ரான்கிடாஸ், சான் லூயிஸ் போன்ற ஏழை ஊர்களில் உலகிலேயே மிக அதிகமாக இந்நோய் காணப்படுவதை அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற மருத்துவர் 1950களில் கவனித்தார். 1979 முதல் நான்சி வெக்ஸ்லரின் குழு ஆண்டுதோறும் அங்கே சென்று வம்சாவளியை வரைந்தது, ஆயிரக்கணக்கானோரிடம் ரத்த மாதிரி பெற்றது. 1983இல் மரபணுவின் இருப்பிடம் நான்காவது குரோமோசோம் என்று தெரியவந்ததும், 1993இல் மரபணுவே கண்டெடுக்கப்பட்டதும் அந்த ரத்தத்தின் துணையால். 2017 மே 18 அன்று போப் பிரான்சிஸ் வத்திக்கானில் ஹன்டிங்டன் குடும்பங்களைச் சந்தித்தபோது அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களும் கூடத்தில் இருந்தார்கள். இனி ஒளிந்து வாழ வேண்டாம் என்பதே அந்த நிகழ்வின் முழக்கம். போர்முனைச் செய்தியாளராகப் பணியாற்றியவரும் மரபணு உள்ளவருமான சார்ல்ஸ் சபைன் முன்னெடுத்த 'டான்சிங் அட் தி வத்திக்கான்' என்ற குறும் ஆவணப்படம் அந்தப் பயணத்தைச் சொல்கிறது. கடவுச்சீட்டு கிடையாத, விமானத்தைக் கண்டிராத குடும்பங்கள் ரோமுக்கு வந்து சேர்வதை அதில் பார்க்கலாம்.

லண்டன் அறுவை நிபுணரும் பாஸ்டன் காவலரும் 'ஹவுஸ்' தொடரின் இளம் மருத்துவரும் இந்நோய்க்குக் கதாபாத்திரங்களாகிவிட்டார்கள். அவர்கள் கதையில் திறக்கும் உறையைச் சாத்தியமாக்கிய ஏரிக்கரைக் குடும்பங்களில் பலருக்கு, இன்றும் டெட்ராபெனசின் கைக்கெட்டாத மருந்து.